பாய் ஊற்றாத தண்ணீர்

அவர் சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில், ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். தண்ணீரில் என்னென்னவோ எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும் விரல் நீளக் கருவி அது. டீக்கடை தம்ளரானாலும் கல்யாணப் பந்தியானாலும் முதலில் மீட்டர் நனையும், பிறகுதான் அவர் வாய் நனையும். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று என் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் மீட்டரை எடுத்து அதற்குள் விட்டார்.

"ஆயிரத்து நூறு. இதக் குடிக்காதீங்க தங்கச்சி. உப்பளத்துத் தண்ணி உங்க போருக்குள்ள எறங்கிடுச்சு."

அவர் போன பிறகு என் மனைவி சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உன் ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்தாரா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாரா?" என்று கேட்டாள். கோபம்தான். ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் கேன் தண்ணீர்.

கூனிமேட்டுக்காரர். எங்களுக்கெல்லாம் பாய். மரக்காணத்துக்குத் தெற்கே, கடலோரச் சாலையில் இருந்த ஒரு ரிசார்ட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் எலெக்ட்ரிஷியன், அவருக்கு மீன் தொட்டி. வரவேற்பறைச் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உயிருள்ள பவளங்கள், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள், பாறை இடுக்கில் எட்டிப் பார்க்கும் இறால்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் நிஜக் கடலைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பம்ப், விளக்கு, தண்ணீரைக் குளிரவைக்கும் மிஷின் எல்லாம் கரண்டில் ஓடுவதால், எனக்கும் அவருக்கும் தினமும் ஏதாவது வேலை இருந்தது. பழக்கமும் அப்படி வந்ததுதான்.

சேர்ந்த முதல் வாரமே மேனேஜருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. தொட்டிக்கு உப்பு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு மேனேஜர் கேட்டார்: "எதிர்ல கடல். பின்னாடி உப்பளம். ரோட்டோரம் மலை மலையா உப்பு கொட்டிக் கெடக்குது. உங்களுக்கு வெளிநாட்டு உப்பு கேக்குதா பாய்?"

"அந்த உப்பு கொழம்புக்கு சார். கடல்ல பல சத்து கலந்திருக்குது. பாத்தியில காயும்போது ஒரு உப்பு மட்டும் தனியா நின்னுடும், மத்தது கழிவுத் தண்ணியோட போயிடும். பவளம் வளர்றது அந்த மத்ததுலதான்."

"அப்ப கடல் தண்ணியவே மொண்டு ஊத்துங்க."

"எறால் பண்ணைத் தண்ணி எங்க வந்து விழுதுன்னு காட்டட்டுமா சார்? நடந்தே போயிடலாம், கிட்டதான்."

குரலை உயர்த்த மாட்டார். சிரிக்கவும் மாட்டார். எதிரில் இருப்பவர் எரிச்சலோடு ஒத்துக்கொள்ளும்வரை அப்படியே நிற்பார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் மாற்றும் நாள். வேலை திங்கட்கிழமையே தொடங்கிவிடும். போர் தண்ணீரை ஆர்.ஓ. மிஷினில் விட்டு நீல டிரம்மில் பிடிப்பார். மீட்டரில் பூஜ்யம் வர வேண்டும். ஐந்து வந்தால்கூட அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போய்விடும். பூஜ்யம் வந்த தண்ணீரில், வாளியில் வரும் அந்த வெளிநாட்டு உப்பைக் கரைத்து, உள்ளே ஒரு சின்ன பம்ப்பைப் போட்டு, ஒரு நாள் முழுக்கச் சுற்றவிடுவார். மறுநாள் காலையில் ஒரு சொட்டை எடுத்து, ஒற்றைக்கண் தொலைநோக்கி மாதிரி இருக்கும் ஒரு குழலில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உப்பின் அளவைப் பார்ப்பார். டிரம்மின் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹோஸை எடுத்து, தொட்டியின் அடிமணலில் தேங்கிய கசடோடு சேர்த்துப் பழைய தண்ணீரை இழுப்பார். தொட்டி ஆயிரத்து இருநூறு லிட்டர். அவர் எடுப்பது நூற்றிருபது. புதுத் தண்ணீரை அதே அளவு, மெல்லிய குழாயில், மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்காதபடி உள்ளே விடுவார்.

"பாதிய எடுத்துட்டு பாதிய ஊத்தினா மாசத்துக்கு ஒரு தடவையோட முடிஞ்சிடுமே பாய்" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பத்துல ஒண்ணுதான் தாங்கும். அதுக்கு மேல மாத்தினா, அதுங்க தூங்கி எழுந்து வேற ஊர்ல நிக்கிற மாதிரி."

"இப்பவே தண்ணி கண்ணாடி மாதிரிதான இருக்குது."

"தெளிவா இருக்கறதப் பாத்து ஏமாந்துடாத. நான் ஏமாந்திருக்கேன்."

எங்கே ஏமாந்தார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். பம்ப்புக்குள் நத்தை சிக்கி நின்றுபோய், இருவரும் தொட்டியின் அடிப்பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். துபாயில் ஒரு பெரிய வீட்டில் பதினோரு வருஷம் தொட்டி பார்த்திருக்கிறார். கூட வேலை பார்த்தவன், ஃபில்டரில் கரி மாற்றிவிட்டதாகச் சொன்னானாம். குழாய்த் தண்ணீரில் வரும் குளோரினைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கரிதான். அவன் சொன்னதை நம்பி இவர் தண்ணீரை மாற்றினார். காலையில் போய்ப் பார்த்தபோது தொட்டி முழுக்க மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. செத்த மீன்களை அவர் கையாலேயே அள்ளிக் குப்பைப் பையில் போடச் சொன்னார்கள். அடுத்த வாரம் டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அவன் பொய் சொல்லலப்பா. மாத்திட்டதா நெனச்சிட்டு இருந்தான். குளோரின் இருந்தா நெறம் மாறுற மருந்து இருக்குது, நான் ரெண்டு சொட்டு விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டே சொட்டு."

அன்றிலிருந்து யார் சொல்வதையும் கேட்டுத் தண்ணீரை நம்புவதில்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை. அதில் சிறுநீரகம் போய்விட்டது. என் அக்கா இருபது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். ஒதுங்க இடம் கிடையாது என்பதால் வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்க மாட்டாள். அந்த வெயிலில் அப்படி இருந்து இருந்து அவளுக்கும் அதே கதி. இருவருக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். புதுச்சேரிப் பக்கம் ஒரு சின்ன சென்டர். காப்பீட்டு அட்டை இருந்தால் காசு வாங்காமல் ரத்தத்தைச் சுத்தம் செய்து ஏற்றுவார்கள். பெயர் வேண்டாம். இருவருக்கும் ஒரே நாள், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே ஷேர் ஆட்டோவில் நாங்கள் நால்வரும் போய் வருவோம்.

என் அக்காவும் பாயம்மாவும் ஆட்டோவில் பேசாத பேச்சு இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று இருவருக்கும் சொல்லியிருந்தார்கள். "உன் வீட்ல பரவால்ல. எங்க வீட்ல சொட்டு சொட்டா எண்ணித் தர்றாரு" என்பார் பாயம்மா. பாய் முன்சீட்டில் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கோடையில் இருவருக்கும் குளிர் வர ஆரம்பித்தது. மிஷினில் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் உடம்பு தூக்கிப் போடும். தலைவலி, வாந்தி. ஊசி போட்டுக் கம்பளி போர்த்துவார்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள் எழ மாட்டாள் என் அக்கா. டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் ரத்தம் குறைந்திருக்கிறது என்றார்கள். எல்லோருக்கும் வருவதுதான் என்றார் நர்ஸ். நான் நம்பினேன்.

மூன்றாவது தடவை குளிர் வந்த அன்று பாய் வராந்தாவில் உட்காரவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு ஷெட்டில் சென்டரின் ஆர்.ஓ. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்து கிடந்தது. சாம்பிள் பிடிக்கும் குழாயைத் திறந்து மீட்டரை நீட்டினார். பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து, தொட்டிக்கு வைத்திருக்கும் மருந்தில் இரண்டு சொட்டு விட்டார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குப்பியில் இருந்த தண்ணீர் மஞ்சளாகியிருந்தது.

"குளோரின். கரி செத்துப்போயி எத்தன மாசமோ. மீட்டர்ல நூத்தி நாப்பது காட்டுது."

"நாம குடிக்கிற தண்ணியில குளோரின் போடறாங்களே பாய்?"

"குடிச்சா வயித்துக்குப் போவுது. இது ரத்தத்துக்குப் பக்கத்துல ஓடுற தண்ணிப்பா, நடுவுல ஒரு சவ்வுதான். குளோரின் அதத் தாண்டிப் போயி ரத்தத்தையே ஒடச்சிடும். ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு நூத்திருபது லிட்டர்." அவர் குப்பியைத் தூக்கிப் பிடித்தார். "இத நான் என் தொட்டியில ஊத்த மாட்டேன். உள்ள என் பொண்டாட்டிக்கு ஓடிட்டிருக்குது."

அன்றே டெக்னீஷியனிடம் சொன்னார். பராமரிப்பு ஆள் வருவார் என்றான். அடுத்த முறை போனபோதும் குப்பி மஞ்சளாகத்தான் இருந்தது. பாயம்மாவைக் கட்டிலில் படுக்கவிடாமல் வராந்தாவிலேயே உட்காரவைத்துவிட்டு, நிர்வாகியைப் பார்க்க வேண்டும் என்றார். என் அக்காவுக்கு அதற்குள் ஊசி குத்தி மிஷினில் இணைத்துவிட்டிருந்தார்கள்.

"நீயும் வா. ஷெட்ல பேனலப் பாத்தல்ல? நீ எலெக்ட்ரிஷியன், நீ சொன்னா எடுபடும்" என்றார் என்னிடம்.

பார்த்திருந்தேன். தண்ணீரின் தரத்தைக் காட்ட வேண்டிய பேனலில் 'ஐந்து' என்று ஓர் எண் அசையாமல் நின்றது. அதற்குப் போக வேண்டிய சென்சர் ஒயர் கழன்று பின்னால் தொங்கியது. அந்த எண் பொய் என்று பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும்.

நிர்வாகி மரியாதையாகத்தான் பேசினார். பாய் குப்பியை மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் நிர்வாகி.

"ரிசார்ட்ல மீன் தொட்டி சார்."

அறையில் இருந்த இன்னொருவர் குனிந்து சிரித்தார். நிர்வாகி சிரிக்கவில்லை. "இங்க இருக்கறது மனுஷங்க பாய். இதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. நம்பிக்கை இல்லன்னா நீங்க தாராளமா வேற எடம் பாத்துக்கலாம். காத்திட்டு இருக்கறவங்க லிஸ்ட் பெருசு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் எலெக்ட்ரிஷியனா? பேனல் வேலை செய்யலன்னு இவரு சொல்றாரு. நீங்க பாத்தீங்களா?"

பக்கத்து அறையில் என் அக்காவின் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. வேற இடம் என்றால் எது, எத்தனை நாள் கழித்து, யார் சேர்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் யோசித்தேன்.

"நான் லைட்டு, ஃபேன் பாக்குறவன் சார். இந்த மிஷின்லாம் எனக்குத் தெரியாது."

பாய் என்னைப் பார்க்கவில்லை. குப்பியை எடுத்து மூடி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு முடியும்வரை அவர்கள் இருவரும் வராந்தாவிலேயே காத்திருந்தார்கள். திரும்பியது ஒரே ஆட்டோவில்தான். பாயம்மாவின் கால் வீங்கியிருந்தது. "நீயும் இங்க வராத" என்று என் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாய் அடுத்த திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், குப்பியின் போட்டோவோடு மனு கொடுத்தார். அதற்கு முன்பே வேறு சென்டர் தேடி அலைய ஆரம்பித்திருந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை என்று எழுதி வந்தால்தான் மிஷினில் படுக்கவைப்பார்களாம். ரிப்போர்ட் வர இரண்டு நாள். வந்த பிறகு, இடம் வியாழக்கிழமைதான் என்றார்கள்.

அந்த நாட்களில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை அக்கா போனில் கேட்டு எனக்குச் சொல்வாள். பாயம்மாவுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு மில்லி தண்ணீர், அளந்து. காலையும் மாலையும் எடை பார்த்து எழுதிவைத்தார். உப்பே இல்லாத சோறு. அப்படியும் எடை ஏறிக்கொண்டே போனது. செவ்வாய்க்கிழமை பாயம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தலையணையில் சாய்ந்திருந்தார்.

அன்று ரிசார்ட்டில் தண்ணீர் மாற்ற அவர் வரவில்லை. நான் இருந்த நான்கு வருஷத்தில் அவர் தவறவிட்ட ஒரே செவ்வாய்க்கிழமை.

அக்கா என் போனை வாங்கி அவரிடம் பேசினாள். "பாய், இங்கயே கூட்டியாந்துடுங்க. ஒரே ஒரு தடவ ஏத்திக்கட்டும். குளிர் வந்தா வந்துட்டுப் போவுது. நான் ஏத்திக்கறேன், உசுரோடதான இருக்கறேன்."

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "தெரிஞ்சே அந்தத் தண்ணியில எப்படிம்மா படுக்கவெப்பேன்?"

"தெரியாத மாதிரி படுக்கவைங்க பாய்."

"நாளான்னிக்கு எடம் கெடைச்சிருக்குது. ரெண்டு நாள்தான்" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் மூச்சு மிகவும் மோசமாகி ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். புதுச்சேரி போகும் வழியில், காலாப்பட்டு தாண்டும் முன்பே பாயம்மா போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஜனாஸா எடுக்கும் முன் கூனிமேட்டில் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தேன். சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நல்லா ஏத்திட்டு இருந்த எடத்த விட்டு இழுத்துட்டு வந்துட்டான்." "கையில மீட்டர வெச்சே கொன்னுட்டான்." பாயைத் தவிர, அந்தத் தண்ணீர் மஞ்சளானதைக் கண்ணால் பார்த்தவன் அங்கே நான் ஒருவன்தான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பாய், உடலைச் சுமக்கும் சந்தூக்கின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

எட்டு நாள் கழித்து, பாய் கொடுத்த மனுவின்பேரில், சென்டருக்கு அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு நாள் மூடிவைத்து, கரி, ஆர்.ஓ. மெம்பரேன், பேனல் எல்லாவற்றையும் மாற்றினார்கள். சத்தமில்லாமல் நடந்தது. டெக்னீஷியனும் மாறினான். அதற்குப் பிறகு என் அக்காவுக்கு ஒரு தடவைகூடக் குளிர் வரவில்லை. இரண்டு மாதத்தில் ரத்தம் ஏறியது. இன்றைக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கேதான் போய் வருகிறாள். அவளோடு சேர்த்து இன்னும் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் யாருக்கும் பாயைத் தெரியாது.

அவர் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். மீன்களெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எப்போதும்போல டிரம்மில் தண்ணீர் பிடித்தார், கரைத்தார், அளந்தார், நூற்றிருபது லிட்டர் மாற்றினார். என்னிடம் பம்ப்பைப் பற்றியும் ஜெனரேட்டரைப் பற்றியும் பேசினார். அன்று நிர்வாகி அறையில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஏழெட்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் இருக்கும் மகளிடம் போகப்போவதாகச் சொன்னார்.

அவர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், பாயைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். கூட்டிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில் பெட்டிகள் கட்டியிருந்தன. அவர் நாற்காலியை அக்காவுக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "இப்ப குளிர் வருதாம்மா?" என்றார்.

"இல்ல பாய். மிஷின்லாம் மாத்தின நாளோட நின்னுச்சு."

அவர் தலையசைத்தார். பிறகு அக்கா முந்தானையை விலக்கி இடது கையை நீட்டினாள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம், முழங்கைக்குக் கீழே புடைத்துக்கொண்டிருந்தது. விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் ஆபத்து என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள்.

"டெய்லி காலையில அவங்களுக்கு நீங்கதான் தொட்டுப் பாப்பீங்களாமே, ஆட்டோல சொல்லுவாங்க. எனக்கு யாரு பாக்கறா. இன்னிக்கு ஒரு நாள் பாருங்க பாய்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். பிறகு தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலை அக்காவின் கைமேல் வைத்தார்.

"ஓடுது" என்றார்.

விரலை எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அக்கா கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள். நான் வாசலுக்குப் போய் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.